மந்திரி கோட்டின் காஜா

மார்ச் 2

ஊசிக்கு,

நீ இல்லாமல் வீடு ஒன்றும் இடிந்து விழவில்லை. சமையலறைக் குழாய் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஊரில் எரிகிற மோட்டாரையெல்லாம் பிரித்து மேய்கிற மனுஷனுக்கு ஒரு வாஷர் மாற்றத் தெரியாதா என்று நீ இந்நேரம் கேட்டிருப்பாய். தெரியும், நேரம்தான் இல்லை. மாவு மில்லின் பெரிய மோட்டார் கருகிப்போய் வந்திருக்கிறது. பழைய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் சுருள் கட்டிக்கொண்டிருக்கிறேன். இனி வார்னிஷ் ஊற்றிக் காய வைக்க வேண்டும். மில்காரர் நாற்காலியைக் கடை வாசலிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பேத்தி எப்படி இருக்கிறாள்? மாப்பிள்ளை எழுதின கார்டில் 'மூக்கு அப்படியே மாமாவுடையது' என்று போட்டிருந்தார். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் பெண் குழந்தைக்கு இந்த மூக்கா என்று பாவமாகவும் இருந்தது. இந்த மூக்கு நம் ஊர் மந்திரி சிலையின் மூக்கு மாதிரி இருக்கிறது என்றுதானே விழாவில் என்னைப் பிடித்து மந்திரி வேஷம் போட வைத்தார்கள்.

மந்திரி என்றதும்தான் ஞாபகம் வருகிறது. விழாக் குழு கூடியது. ஓய்வு பெற்றும் மைக்கை மட்டும் விடாத நம் தலைமையாசிரியர், அதுதான் மைக் ஐயா, 'ஒரு துப்பாக்கியைத் தொடாமல் பெரிய போரை நிறுத்திய மந்திரி பிறந்த ஊரய்யா இது' என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். கடைசியில் வாசல் காட்சிக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "இந்த வருஷம் அவ ஊர்ல இல்ல. நானே பொத்தானைப் போட்டுக்கிட்டு வண்டி ஏறிடறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். மில்காரர் விடவில்லை. "மந்திரி தலைநகருக்குக் கிளம்பின அன்னிக்கு, அவர் சம்சாரம் வாசல்ல நின்னு பொத்தான் போட்டு விட்டாங்களே, அதைப் பார்க்கத்தான்யா சனம் வருது. உம்ம பேச்சைக் கேட்கவா வருது?" என்று மைக் ஐயாவையும் சேர்த்து வாரிவிட்டார்.

அதனால் வேறு ஒருவரைக் கேட்டார்கள். அவரும் சரி என்றுவிட்டார். பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். குழு எடுத்த முடிவு. சொல்ல என்ன இருக்கிறது?

கோட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது?

உன் வீட்டுக்காரன்


மார்ச் 7

மாண்புமிகு மந்திரி அவர்களுக்கு,

முதலில் ஒரு விஷயம். அந்தப் பெயரைக் கவரின் பின்பக்கம் எழுதாதீர்கள். மாப்பிள்ளை கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தை, ஊசின்னா யாரு?" என்று கேட்கிறார். 'தையல் ஊசி கேட்டிருந்தேன்' என்று சொல்லிச் சமாளித்தேன். அது நீங்களும் நானும் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிற பெயர். என் தங்கைக்கே தெரியாது. தபால்காரருக்கு எதற்கு?

குழாய், வாஷர், மில் மோட்டார், மூக்கு, மைக் என்று ஊரையே சுற்றிவிட்டுக் கடைசியில் பாட்டு டீச்சரை இறக்கியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லை எழுத உங்களுக்கு இவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தது என்றால், அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். என் காதில் பூ சுற்றாதீர்கள்.

அவளைத் தவிர ஊரில் பெண்ணே இல்லையா? மில்காரர் சம்சாரம் இல்லையா? ரொட்டிக் கடைக்காரம்மா இல்லையா? அவர் கை நடுங்கினால்கூடப் பரவாயில்லை, ஒரு வயதானவர் பொத்தான் போட்டால் மந்திரிக்குக் காய்ச்சலா வந்துவிடும்? கழுத்தை இத்தனை நீளத்துக்கு வைத்துக்கொண்டு, பேசுவதையே பாடுவது போலப் பேசுகிறவள்தான் கிடைத்தாளா?

வாசல் காட்சி என்னவென்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். மந்திரி சம்சாரம், 'நான் வந்துட்டா இந்த வீட்டையும் வயலையும் யார் பார்ப்பா?' என்று சொல்லிவிட்டு ஊரிலேயே நின்றவள். கோபத்தோடுதான் காலர் பொத்தானைப் போட்டாள். அவர் குனிந்து காதில் என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதனால் மந்திரி வேஷம் போடுகிறவர் எதையாவது காதில் சொல்ல வேண்டும், சொன்னதையும் கேட்டதையும் இரண்டு பேரும் வெளியே விடக் கூடாது. ஊர் வழக்கம் இது.

என் காதில் இத்தனை வருஷமாக என்ன சொன்னீர்கள்? ஒரு வருஷம் கடைச் சாவி எங்கே என்று கேட்டீர்கள். மற்ற வருஷமெல்லாம் ஒரே வசனம், 'அடுப்பை அணைச்சியா?' ஊர் என்னவோ காதல் மொழி என்று நினைத்துக் கைதட்டும். நானும் அதற்குத் தகுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். அவள் காதில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று நானும் பார்க்கிறேன்.

கோட்டு, பீரோவுக்கு மேல் இருக்கிற தகரப் பெட்டியில் இருக்கிறது. உள்துணி கிழிந்திருக்கும். அதைக் கண்ட கையில் கொடுத்துத் தைக்க வேண்டாம். எனக்குப் பார்சல் போடுங்கள், நானே தைத்து அனுப்புகிறேன். என் தையல் மெஷினைத்தான் விட்டுவிட்டு வந்தேன், கையை இல்லை.

உங்கள் மகளின் அம்மா


மார்ச் 13

ஊசிக்கு (கவருக்கு உள்ளேதான் எழுதியிருக்கிறேன்),

கோட்டை இன்று பார்சலில் போட்டேன். பாச்சை உருண்டை வாசனை தாங்க முடியவில்லை, மாடியில் ஒரு நாள் காயப்போடு. நீ சொன்ன மாதிரி உள்துணி ஒன்றும் பெரிதாகக் கிழியவில்லையே. அக்குளில் ஒரு விரல் நுழைகிற அளவுதான். சரி, உனக்குத் தெரியாததா.

நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. டீச்சர் நல்ல மாதிரி. ஒத்திகைக்கு நூலக மண்டபத்துக்குச் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறார். மந்திரியின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வந்திருக்கிறார், தெரியுமா? "அவங்க கோபத்துல பொத்தான் போட்டாங்களா, பிரிவுலயா? ரெண்டுக்கும் கை வேற மாதிரி இருக்குமே" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படித் தோன்றினதே இல்லை. மைக் ஐயாவே ஒரு நிமிஷம் வாயை மூடினார் என்றால் பார்த்துக்கொள்.

காதில் சொல்வதைப் பற்றியும் கேட்டார். "சும்மா உதட்டை அசைச்சா எனக்கு முகத்துல எதுவும் வராது சார். ஏதாவது நிஜமா சொல்லுங்க" என்றார். எனக்குக் கம்பி சுற்றத் தெரியும், வசனமா தெரியும்? மைக் ஐயா ஒரு வரி எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார்.

நகத்தில் கிரீஸ் போகவே மாட்டேன் என்கிறது. நீ எதைப் போட்டுத் தேய்ப்பாய்? டீச்சர் எலுமிச்சை போடச் சொன்னார்.

பேத்திக்குப் பேர் வைத்தாயிற்றா? மகள் நன்றாகச் சாப்பிடுகிறாளா? அங்கே உனக்குப் பொழுது போகிறதா?

உன் வீட்டுக்காரன்


மார்ச் 18

எலுமிச்சை மந்திரிக்கு,

என் புருஷன் நகத்தை அவள் எதற்குப் பார்த்தாள்?

மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்பும் பழைய பல் பிரஷ்ஷும் போட்டுத் தேய்க்க வேண்டும். வருஷா வருஷம் உங்களை முற்றத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து நான்தான் தேய்க்கிறேன். நீங்கள் அப்போது ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பீர்கள். எதைப் போட்டேன் என்றுகூடப் பார்த்ததில்லை. எலுமிச்சை போட்டால் எரியும். எரியட்டும்.

அவள் கேட்டாளாம், கோபமா பிரிவா என்று. நான் கேட்கவில்லைதான். கேட்டுவிட்டா செய்வார்கள்? அந்த வாசலில் நிற்கிற அன்றைக்கு எனக்கு வருகிறது, நான் செய்கிறேன். உங்களுக்கு இத்தனை வருஷத்தில் அது தோன்றவே இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

கோட்டைத் தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உள்துணியையும் தைத்தேன், காலரில் பொத்தான் நுழைகிற காஜாவையும் பிரித்துப் புதிதாக எடுத்திருக்கிறேன். பழைய காஜா இறுக்கம். டீச்சரம்மா பாடுகிற விரலுக்கு வலிக்கக் கூடாதே என்றுதான்.

எனக்குப் பொழுது போகிறதா என்று கடைசியாகவாவது கேட்டீர்களே. பிரமாதமாகப் போகிறது. மகள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு தையற்கடை. ஹோட்டல் சிப்பந்திகளுக்குக் கோட்டு தைக்கிற கடை. உங்கள் கோட்டுக்கு நூல் வாங்கப் போனேன். அதன் முதலாளி கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கையால எடுத்த காஜாவா? மெஷின்ல எடுத்த மாதிரி அவ்வளவு சீரா இருக்கே!" என்று அசந்துபோனார். கல்யாணமான காலத்திலிருந்து நீங்கள் போடுகிற சட்டையெல்லாம் நான் தைத்தது. ஒரு நாள் இப்படி ஒரு வார்த்தை வந்ததா? அவர் என்னை மேடம் என்று கூப்பிடுகிறார். அவருக்குச் சம்சாரம் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாராம். பாவம்.

விழாவுக்கு வரலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மகளுக்குப் பிரசவத்தில் போட்ட தையல் இன்னும் ஆறவில்லை, குழந்தையைத் தூக்கவே முடியவில்லை. விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. இல்லாவிட்டால் நடந்தாவது வந்திருப்பேன்.

மேடம்


மார்ச் 27

ஊசிக்கு,

விழா நல்லபடியாக முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேண்டு வாசித்தார்கள். சிலைக்கு மாலை போடும்போது ஏணி ஆடியது, மைக் ஐயா மேலிருந்தபடியே பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். வாசல் காட்சியும் முடிந்தது. பொத்தான் கொஞ்சம் படுத்தியது. மற்றபடி ஒன்றும் இல்லை. கூட்டம் போன வருஷத்தைவிட அதிகம்.

வண்டி வழக்கம்போல் தெருவைச் சுற்றிக்கொண்டு அதே வீட்டின் பின்வாசலுக்கு வந்தது. நீ தண்ணீர்ச் செம்போடு நிற்பாய் என்று கையை நீட்டிவிட்டேன். யாரும் இல்லை.

மில் மோட்டார் ஓடுகிறது. குழாயும் சரி செய்துவிட்டேன்.

அந்தத் தையற்கடைக்காரனுக்கு என்ன வயதிருக்கும்? சும்மாதான் கேட்கிறேன். மேடமாம், மேடம்! நூல் வாங்கப் போனவளிடம் சம்சாரம் செத்த கதையெல்லாம் எதற்குச் சொல்கிறான்? மாப்பிள்ளையிடம் சொல்லி நூல் வாங்கிக்கொள்ள முடியாதா?

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 1

மந்திரி அவர்களுக்கு,

பொத்தான் கொஞ்சம் படுத்தியது, மற்றபடி ஒன்றும் இல்லை. அப்படித்தானே?

இன்று காலை மாப்பிள்ளை பேப்பரோடு வந்தார். "அத்தை, மாமா படம் வந்திருக்கு பாருங்க! எவ்வளவு இயல்பா நடிக்கிறார்!" என்று என் மடியில் விரித்து வைத்தார். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டின கை நின்றுவிட்டது.

நீங்கள் குனிந்து நிற்கிறீர்கள். முதுகுதான் தெரிகிறது, முகம் அவள் காதுப் பக்கம். அவள் உங்கள் காலரை ஒரு கையால் இல்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள், கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிகிறது. கீழே 'மந்திரியின் ரகசியம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

மந்திரி சம்சாரம் சிரித்தாளா? புருஷன் ஊரை விட்டுப் போகிற அன்றைக்கு எந்தப் பெண்டாட்டி பல்லைக் காட்டுவாள்? நான் ஒரு வருஷமாவது சிரித்திருக்கிறேனா? சிரிக்கிற மாதிரி நீங்கள் எனக்கு எதைச் சொன்னீர்கள்?

அவளிடம் என்ன சொன்னீர்கள்? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஊர் வழக்கம், வெளியே சொல்லக் கூடாது என்று மழுப்பினால் நான் கேட்டுக்கொள்ள மாட்டேன். நானும் அந்த வாசலில் நின்றவள்தான். எனக்குத் தெரியக் கூடாத ரகசியம் அந்த வாசலில் உங்களுக்கு எப்படி வந்தது?

வயிறு எரிகிறது எனக்கு. ஆமாம், எரிகிறது என்று எழுதிவிட்டேன். படித்துவிட்டு உங்கள் டீச்சரிடம் காட்டுங்கள், இன்னும் நன்றாகச் சிரிப்பாள்.

கீழ்க்கடை முதலாளி என்னை வேலைக்குக் கூப்பிடுகிறார். காஜா எடுப்பதற்கு மட்டும் தனி மேசை, தனி விளக்கு. மகள் இப்போது எழுந்து நடமாடுகிறாள், நான் ஊருக்கு வரலாம்தான். ஆனால் திங்கட்கிழமை முதல் வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்குப் பொத்தான் போட அங்கே ஆள் இருக்கிறாள்.

பெயர் போட இஷ்டமில்லை


ஏப்ரல் 6

உனக்கு,

நானும் பெயர் போடவில்லை.

சொல்ல மாட்டேன். காதில் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருக்கிற வழக்கம். உனக்காக அதை மீற முடியாது. வேறு காரணமும் இருக்கிறது, அதையும் சொல்ல முடியாது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்தக் காஜாவை என்ன செய்தாய்?

நான் மோட்டார் கட்டுகிறவன். எது தானாகத் தளர்ந்தது, எதை ஒருத்தர் தளர்த்தினார் என்று எனக்குத் தெரியும். விழா முடிந்து வந்து கோட்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பழைய காஜாவில் பொத்தான் போக அடம்பிடிக்கும். ஒவ்வொரு வருஷமும் நீ நாக்கைக் கடித்துக்கொண்டு தள்ளுவாய், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புதுக் காஜாவில் பொத்தான் வழுக்கிக்கொண்டு போயிற்று. போன வேகத்தில் வெளியே வந்துவிட்டது. டீச்சர் மறுபடி போட்டார், மறுபடி வந்துவிட்டது. ஊர் சிரிக்க ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் அவர் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று. பேப்பர்காரன் அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். அவ்வளவு நேரம் அப்படி நிற்க வைத்தது நானா, டீச்சரா, நீயா?

அந்த ஆளுக்குக் கையால் எடுத்த காஜா பிடித்துவிட்டதாம், தனி மேசை, தனி விளக்கு. எனக்கு மட்டும் எரியாதா? நீ தைத்த சட்டையைத்தான் தினமும் போட்டுக்கொண்டு கடையைத் திறக்கிறேன். சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லத் தெரிந்த ஒருத்தன் வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். இருந்துகொள். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து தை, கண்ணுக்கு நல்லது.

மந்திரியாவது பதவிக்காகப் போனார்.


ஏப்ரல் 11

உங்களுக்கு,

காஜாவைப் பெரிதாக எடுத்தது நான்தான். வேண்டுமென்றுதான் எடுத்தேன்.

பழைய காஜா இறுக்கமாக இருந்ததும் தற்செயல் இல்லை. வருஷா வருஷம் விழாவுக்கு முன்னால் நானே அதில் இரண்டு தையல் கூடப் போட்டுவிடுவேன். நீங்கள் கவனித்ததில்லை. பொத்தான் சுலபமாக உள்ளே போய்விட்டால் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கலாம்.

மற்ற நாளெல்லாம் நீங்கள் எழுந்ததும் கடைக்கு ஓடுகிறீர்கள், வந்ததும் ரேடியோவைப் போடுகிறீர்கள். நான் மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. மகள் பிறந்த பிறகு நாம் இரண்டு பேரும் ஒரு இடத்தில் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது வேறு எப்போது? வருஷத்தில் அந்த ஒரு நேரம்தான். உங்கள் மூச்சு என் நெற்றியில் படும். வார்னிஷ் வாசனை அடிக்கும், எத்தனை தேய்த்தாலும் அது போகாது. ஊர் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மறந்தே போய்விடும். என் முகம் சிவக்கிறது என்று ரொட்டிக் கடைக்காரம்மா ஒவ்வொரு வருஷமும் கேலி செய்வார். நீங்கள் சொன்னதற்காக என்று அவர் நினைத்தார்.

அந்த நேரத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சட்டென்று போட்டுவிட்டு விலகட்டும் என்று காஜாவைத் தளர்த்தினேன். நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. எனக்குக் கிடைத்ததைவிட அவளுக்கு அதிகம் கிடைத்துவிட்டது. அதுவும் என் கையாலேயே.

என்ன சொன்னீர்கள் என்று இனிமேல் கேட்க மாட்டேன். கேட்டுப் பார்த்தாயிற்று. கடை முதலாளிக்கு உங்களைவிட வயது அதிகம், ஒரு காது கேட்காது, பாராட்டுகிறபோது கூரை பறக்கிற மாதிரி கத்துவார். அவரை இதில் இழுக்க வேண்டாம். வேலை நன்றாக இருக்கிறது. ஊருக்கு எப்போது வருவேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வாசலில் இனி நின்றால் எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வரும்.

மந்திரி சம்சாரம் ஊரில் நின்றாள், அவர் போனார். நம் வீட்டில் நீங்கள் நில்லுங்கள்.

பேத்தி நன்றாக இருக்கிறாள். மூக்கும் அதே மூக்குதான்.


ஏப்ரல் 16

ஊசி,

சொல்லிவிடுகிறேன். வழக்கமாவது ஒன்றாவது.

மைக் ஐயா ஒரு வரி எழுதிக் கொடுத்தார். 'நாடு அழைக்கிறது, நீ அழைத்தால் நாட்டையும் விட்டு வருவேன்' என்று. மில் மோட்டாருக்குக் கம்பி சுற்றச் சுற்ற அதை மனப்பாடம் செய்தேன். சுற்றுக் கணக்குத் தப்பிப்போய் ஒரு சுருளைப் பிரித்து மறுபடி கட்டினேன். அவ்வளவு பாடு. விழா அன்றைக்குக் காலையில்கூடக் கண்ணாடி முன்னால் நின்று ஒப்பித்துப் பார்த்தேன், தப்பில்லாமல் வந்தது.

வாசலுக்கு வந்து நின்றேன். எதிர் வெயில், கண் கூசியது. எப்போதும் போல மூடிக்கொண்டேன். கழுத்தில் விரல் பட்டது. பொத்தான் நிற்கவில்லை, மறுபடி விரல், மறுபடி நிற்கவில்லை. இத்தனை வருஷமாக அந்த இடத்தில் அந்த விரல் உன்னுடையது. வேறு விரல் அங்கே பட்டதே இல்லை. எனக்கு நாடும் மறந்துவிட்டது, மைக் ஐயாவின் வரியும் மறந்துவிட்டது. குனிந்தேன்.

"அடுப்பை அணைச்சியா, ஊசி?"

சொல்லி முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன். டீச்சர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். அப்புறம்தான் அந்தச் சிரிப்பு. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் படத்தில் என் முகம் தெரிந்திருந்தால் உனக்கே புரிந்திருக்கும், பேப்பர்காரன் என் முதுகைத்தான் எடுத்திருக்கிறான்.

வண்டி சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வந்து நான் இறங்கின கொஞ்ச நேரத்தில் டீச்சர் அங்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், ஊசின்னா அக்காவா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "இதையா வருஷா வருஷம் சொன்னீங்க? இதுக்கா அவங்க முகம் அப்படிச் சிவந்துச்சு?" என்று மறுபடி சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்கா ஊர்ல இருக்கும்போது என்னை இனிமே இதுக்குக் கூப்பிடாதீங்க சார்" என்றார்.

நான் சொல்லாமல் இருந்தது வழக்கத்துக்காக இல்லை. நாம் இரண்டு பேரும் மட்டும் வைத்திருந்த ஒரே ஒரு பெயர் அது. அதை நான் வேறொருத்தி காதில் போட்டுவிட்டேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? கவரில் நான் எழுதினதற்கே நீ அவ்வளவு கோபப்பட்டாய்.

இனி திட்டு. ஆனால் இங்கே வந்து திட்டு. நீ போட்ட இரண்டு தையலை இத்தனை வருஷமாகக் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். தையலைக் கவனிக்கவில்லைதான். ஒவ்வொரு வருஷமும் பொத்தான் உள்ளே போனதும், ஐயோ போய்விட்டதே என்று எனக்கும் இருக்கும். அது ஏன் என்று நான் யோசித்ததில்லை.

அந்தக் கடைக்காரருக்கு ஒரு காது கேட்காது என்பதைப் படித்து நிம்மதியாகத் தூங்கினேன். இன்னொரு காது எப்படி?

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 20

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்தே பிரித்தேன். பாதியில் நான் சிரித்த சிரிப்பில் கடை முதலாளி, கேட்காத காதோடு எழுந்து வந்து, "மேடம், யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். ஒன்றுமில்லை, என் புருஷன் ஒரு முட்டாள் என்றேன். அவருக்கு என்ன கேட்டதோ, "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரித்து முடித்த பிறகு அழுகை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், அப்புறம் என் முகத்தைப் பார்த்து நீங்களாகக் கண்டுபிடிப்பீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். மகள் 'போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்' என்கிறாள். முதலாளி காஜா எடுக்க வேண்டிய கோட்டுகளைக் கட்டாகக் கட்டி பஸ்ஸில் அனுப்புவார், நான் ஊரிலிருந்தே எடுத்து அனுப்புவேன். அவர் கூடவே பாராட்டி ஒரு துண்டுச் சீட்டும் வைப்பார். நீங்கள் அதைப் பார்த்து எரிந்துகொள்ளுங்கள், எனக்கு அது வேண்டும். மந்திரி கோட்டைத் தகரப் பெட்டியில் போடாமல் வெளியே வைத்திருங்கள். அந்தக் காஜாவை முதலில் அடைக்க வேண்டும்.

டீச்சர் நல்லவள்தான். நீங்கள் எழுதினதைப் படித்து நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பொறாமை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நாளைக்குக் கடைத்தெருவில் அவளைப் பார்த்தால், இவளுக்கு என் பெயர் தெரியும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அந்தப் பெயர் இனி எனக்கு வேண்டாம். அவளே வைத்துக்கொள்ளட்டும்.

எனக்குப் புதிதாக ஒரு பெயர் யோசியுங்கள். எழுத வேண்டாம், கவரிலும் வேண்டாம், கடிதத்திலும் வேண்டாம். அடுத்த விழாவில் வாசலில் நிற்கும்போது காதில் சொன்னால் போதும். அதுவரைக்கும் நான் பெயரில்லாமல் இருந்துகொள்கிறேன். காஜாவை எவ்வளவு இறுக்கமாக எடுப்பது என்று எனக்குத் தெரியும், நீங்கள் சொல்லி முடிக்க நேரம் இருக்கும்.

இங்கே அடுப்பை அணைத்துவிட்டேன்.

இப்படிக்கு,